பெர்லின்காரரும் கேம்ப் தண்ணீரும்

கல்யாணமாகி வந்தபோது ஒரே ஒரு ஆளோடுதான் குடித்தனம் நடத்தப் போகிறேன் என்று நினைத்தேன். வந்த பிறகுதான் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருப்பது தெரிந்தது. அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்துப் பத்திரிகைகளில் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதிய ஜெர்மன்காரர். அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதுவதுதான் என் வீட்டுக்காரரின் லட்சியம். அந்தப் பெயர் என் வாயில் நுழையாது. நான் பெர்லின்காரர் என்றே சொல்வேன். "உங்க பெர்லின்காரருக்கும் சேர்த்து உலை வைக்கட்டுமா?" என்று கேட்டால் இவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும்.

மெட்ராஸில் எம்.ஏ. படித்த காலத்தில் இவர் சாயங்கால வகுப்புக்குப் போய் ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு நூலகத்து மூலையில் அந்த மனிதர் நடத்திய பத்திரிகையின் பைண்டு செய்த தொகுதிகள் கையில் கிடைத்தன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நான் கல்யாணத்துக்கு முன் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள் என்பதால் புத்தகத்தை டைப் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெண் பார்க்க வந்தபோதே இவர் என் முகத்தைவிட டைப்பிங் சர்ட்டிபிகேட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று என் அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அதனால் பெர்லின்காரர் கதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். சின்ன ஊரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். பாங்கில் குமாஸ்தாவாக இருந்து, அது பிடிக்காமல் ஒரு பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்துக்கு வந்தவர். அங்கே அப்போது ஒரு வழக்கம் இருந்ததாம். புதுக் கம்பெனி தொடங்கும்போது பத்திரிகைக்காரர்களுக்கு மலிவாகப் பங்கு ஒதுக்குவார்கள். வாங்கிக்கொண்டவன் கம்பெனியைப் புகழ்ந்து எழுதுவான். பெர்லின்காரர் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பாங்க்காரர் வீட்டுக்கு அனுப்பிய வாத்தை வந்த கூடையோடு திருப்பி அனுப்பினார். மனை விற்கிற கம்பெனிகளின் புளுகை எழுதியதில் வேலை போனது. சொந்தமாகச் சின்னப் பத்திரிகை தொடங்கினார். வழக்கு மேல் வழக்கு. பிறகு யுத்தம், தணிக்கை. யுத்தத்துக்குப் பின் விலைவாசி வெறிபிடித்து ஏறியதில் பத்திரிகையும் படுத்து, வாடகை அறையில் தனியாகச் செத்தார். அந்த வாத்து அத்தியாயத்தை மட்டும் நான் எத்தனை தடவை திருப்பி அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. என் வீட்டுக்காரருக்குத் திருப்தியே வராது.

எழுபதுகளின் நடுவில் இவருக்கு தோஹாவில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. வர்த்தகப் பக்கம் முழுக்க இவர் பொறுப்பு. எந்தக் கப்பல் வந்தது, சிமெண்ட் என்ன விலை, யாருக்கு எந்தக் காண்ட்ராக்ட் என்று எழுத வேண்டும். நஜ்மா என்கிற பகுதியில் ஒரு மாடி வீடு. கீழே பாகிஸ்தானி ரொட்டிக் கடை, எதிரே மலையாளி டெய்லர். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்த நாட்கள். ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சாதத்தில் மண்ணும், மூடினால் வேர்வையுமாக நான் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே கூடைகள் வரத் தொடங்கின. வாட்ச் வந்தது, பேனா வந்தது, பிஸ்கெட் டின்னும் அத்தர் பாட்டிலும் வந்தன. கம்பெனிக்காரர்கள் அனுப்புவது. பதிலுக்குச் சிறப்பு மலர் வரும்போது அந்தக் கம்பெனி பற்றி அரைப்பக்கம் இவர் புகழ்ந்து எழுத வேண்டும், மீதி அரைப்பக்கத்துக்கு அவர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். தப்பில்லை என்றார் இவர். "இங்க குடுக்கிறதை வாங்கலைன்னா அவமரியாதை. ஊர் வழக்கம்" என்றார். பெர்லினில் இருந்ததும் ஊர் வழக்கம்தானே என்று கேட்டேன். அது வேறு என்றார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

எங்கள் வீடு சைவம். முட்டைகூட வாசல் தாண்டாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு வியாழக்கிழமை ஆட்டுத் தொடை வந்தது. பாலிதீன் பையில் ரத்தம் தேங்கியிருக்க, ஒரு பக்கத்தில் தோலும் மயிரும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டடக் காண்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர் அனுப்பியது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் சைவம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கம்பெனியில் எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் ஒரே மாதிரிக் கூடைதான், பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிட்ஜைத் திறந்தால் தயிருக்குப் பக்கத்தில் அது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். இவரோ ஹாலில் உட்கார்ந்து வாத்து அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போன நாட்களில் அது ஒன்று.

திருப்பி அனுப்பலாம் என்றால் இவர் பதறிவிட்டார். கடைசியில் வழி சொன்னவர் கூடை கொண்டு வந்த பிக்கப்காரர். அந்தக் கம்பெனியின் பிக்கப் வண்டியை ஓட்டுபவர், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும். "ஏம்மா பயப்படுறீங்க, எங்கிட்டக் குடுங்க. கேம்ப்ல நம்ம பயலுவ ஆக்கித் தின்னுருவானுவ" என்றார். கேம்ப் என்பது கம்பெனியின் கட்டட வேலையாட்கள் தங்கியிருந்த இடம். அன்றிலிருந்து அது நடைமுறையாகிவிட்டது. வியாழக்கிழமை கறியும் பழமுமாகக் கூடை வரும், வாசலிலேயே நின்று பழத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன், கறி அதே வண்டியில் கேம்ப்புக்குப் போகும். மேனேஜருக்கு அனுப்பிய திருப்தி, இவருக்கு மரியாதை கெடாத நிம்மதி, கேம்ப்பில் வாரம் ஒரு வேளை கறிச்சோறு. நானும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த நன்றியில்தான் தீபாவளிக்கு எங்களைக் கேம்ப்புக்குக் கூப்பிட்டார்கள். நாங்களும் இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு போனோம். சல்வா ரோட்டில் வெகுதூரம் போய் மண்ணில் திரும்ப வேண்டும். பலகையும் தகரமுமாக வரிசை வரிசையாக ரூம்கள். ஒவ்வொன்றிலும் கட்டிலுக்கு மேல் கட்டில். குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு அவ்வளவு பேர் எங்களைச் சுற்றி நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. டீ கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் உப்பு, அதோடு டீசல் வாடை, அதற்கும் அடியில் ஏதோ அழுகிய வாடை. துப்ப முடியாது, விழுங்கவும் முடியாது. இவர் வாங்கிய கையோடு டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"தண்ணி அப்புடித்தாம்மா" என்றார் பிக்கப்காரர். எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். நல்ல தண்ணீருக்குத் தனி லாரி உண்டு, ஆனால் அது கம்பெனி ஆபீஸோடு நின்றுவிடும். கேம்ப்புக்கு வருவது கான்கிரீட் கலக்குவதற்கு எடுக்கிற உப்புக் கிணற்றுத் தண்ணீர். துருப்பிடித்த டேங்க். மூடி கிடையாது, பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு மேலே கல்லை வைத்திருந்தார்கள். பலகையை நகர்த்தியதும் உள்ளே ஒரு புறா செத்து ஊதி மிதந்தது. இறகெல்லாம் கழன்று தண்ணீரின் மேல் பரவியிருந்தது. குழாய் வாயில் பழைய வேட்டித் துண்டு ஒன்றை வடிகட்டுவதற்காகக் கட்டியிருந்தார்கள். காலையில் கட்டிய வெள்ளைத் துணி மத்தியானத்துக்குள் பழுப்பாகி, கொழகொழவென்று, அதில் மெல்லிய சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். இவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் போய்ப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிக்கப்காரரின் தம்பியும் அதே கேம்ப்பில்தான் இருந்தான். அண்ணன்தான் விசா எடுத்து அழைத்து வந்தது. வந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கீழ்க் கட்டிலில் சுருண்டு கிடந்தான். எங்களைப் பார்த்து எழுந்து உட்கார முயன்றான், முடியவில்லை. கண் மஞ்சள் அடித்திருந்தது. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுக்கிறார்கள், அந்த மாத்திரையை விழுங்குவதும் அதே தண்ணீரில்தான்.

திரும்பும்போது வண்டி வரை வந்த பிக்கப்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், இத பேப்பர்ல போட்டுருங்க. கம்பெனில கேட்டவனுக்கெல்லாம் விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி வுட்டுட்டான். கபீலுக்கு, அதான் விசா குடுத்த அரபி மொதலாளிக்கு, இங்க நடக்கறது தெரியாது. இங்கிலீசு பேப்பர்ல வந்தா பெரியவங்க பாப்பாங்க. பாத்தா மாத்திப்புடுவாங்க சார்."

"பார்க்கிறேன்பா" என்றார் இவர்.

அந்தப் 'பார்க்கிறேன்' குளிர்காலம் முழுக்க ஓடியது. நான் கேட்காத நாளில்லை. முதலில், தன்னுடையது வர்த்தகப் பக்கம், குடிதண்ணீர் அதில் வராது என்றார். பெர்லின்காரரும் வர்த்தகப் பக்கம்தானே என்றேன். பிறகு, பெர்லின்காரர் சொந்த நாட்டில் இருந்தார், நாம் விசாவில் இருக்கிறோம், முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் கலாஸ், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றார். அது உண்மை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. என் தங்கை கல்யாணம் எங்கள் தலையில் இருந்தது. பயமாக இருக்கிறது என்று அவர் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் அதற்கு மேல் பேசியிருக்கமாட்டேன். ஆனால் பயத்துக்குச் சட்டை மாட்டி, டை கட்டி, கொள்கை என்று என் முன்னால் நிறுத்தினார். அதைப் பார்க்கத்தான் எரிச்சலாக இருந்தது.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். வியாழக்கிழமை வருகிற பிக்கப்காரரிடம் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் காலி நெய் டின்களில் ஊற்றிக் கொடுத்தேன், தம்பிக்கு மட்டுமாவது ஆகட்டும் என்று. ஆனால் கேம்ப்பில் தாகமுள்ளவன் அவன் ஒருவன் மட்டுமில்லையே. டின் போய்ச் சேர்ந்த அன்றே காலியாகிவிடும் என்று அவரே சொன்னார். "பயலுவ மொகத்தப் பாத்துக்கிட்டு ஒளிச்சு வைக்க முடியலம்மா." தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "கறிச்சோறு வாடையே ஆவலங்குறான்" என்பார். "சார் எழுதிட்டாரா?" என்று என்னைத் தனியாகக் கேட்பார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பழத்தை எண்ணுகிற மாதிரி நிற்பேன்.

குளிர் முடிகிற சமயம் இவர் புது அத்தியாயம் ஒன்றைக் கொடுத்தார். முகத்தில் அப்படியொரு களை. இதுதான் புத்தகத்திலேயே சிறந்த இடம் என்றார். பெர்லினுக்கு வெளியே வீடு கட்டுகிற கம்பெனி ஒன்றின் தொழிலாளர் குடியிருப்புக்குப் பெர்லின்காரர் போகிறார். நான் சாவதானமாக அடித்துக்கொண்டே வந்தேன். குடியிருப்புக்குப் பின்னால் துருப்பிடித்த தொட்டி. மூடிக்குப் பதில் பலகை, அதன் மேல் கல். பலகையை நகர்த்தினால் செத்த புறா. குழாய் வாயில் பழைய சட்டைத் துணி கட்டியிருக்கிறது, அதில் சிவப்புப் புழுக்கள். என் விரல் நின்றுவிட்டது. வேட்டியைச் சட்டையாக்கியதைத் தவிர இவர் எதையும் மாற்றவில்லை. மஞ்சள் கண்ணோடு கட்டிலில் கிடக்கிற ஒரு இளைஞன்கூட இருந்தான். அவனுக்கு ஒரு ஜெர்மன் பெயர் வைத்திருந்தார்.

"பெர்லின்காரர் இப்படி ஒரு கட்டுரை எழுதினாரா?" என்று கேட்டேன்.

"இதே மாதிரி நிறைய எழுதியிருப்பார். வாழ்க்கை வரலாற்றில் கொஞ்சம் உயிர் கொடுக்கணும். இல்லைன்னா வெறும் தகவல்தான்."

"உயிர் போயிட்டிருக்கிறவன் இங்க சல்வா ரோட்டில கிடக்கான்."

"நீ புரிஞ்சுக்கவே மாட்டே. பேப்பரை நாளைக்கு ரொட்டி சுத்தத்தான் எடுப்பான். புத்தகம் நிக்கும். அந்தத் தண்ணி புத்தகத்தில நின்னாத்தான் நிரந்தரம்."

அவர் பொய் சொல்லவில்லை, முழு மனசோடு நம்பினார். ஆட்டுத் தொடையைப் பார்த்தபோது வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த மனிதர்கள் குடித்துச் சீரழிந்த தண்ணீரை, இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, தன் செத்துப்போன நாயகனுக்கு அபிஷேகம் செய்ய எடுத்துப் போயிருக்கிறார். ஒரு வாய்கூடத் தான் குடிக்காத தண்ணீர். அத்தியாயத்தை அடித்து முடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்காரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் அந்தக் காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். புத்தகத்தை லண்டனில் அச்சடிக்கக் கம்பெனி உதவும் என்று பேச்சு. வெண்டைக்காய் சாம்பார், அவரைப் பொரியல், பால் பாயசம். மேனேஜரை அழைத்து வந்தவர் பிக்கப்காரர்தான். அவருக்குச் சமையலறையில் இலை போட்டேன். சாப்பாடு முடிந்ததும் ஹாலில் இவர் புது அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார். மேனேஜருக்கு ஆங்கிலம் ஓட்டமாக வராது என்பதால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். சமையலறையில் பிக்கப்காரரின் கை சோற்றில் நின்றுவிட்டதைப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புழு வந்த இடத்தில் மேனேஜர் பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அட, பாவிங்களா! மனுசன் குடிக்கிற தண்ணிங்க அது! இப்படியும் இருப்பானுங்களா ஆளுங்க?" என்றார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. நடிப்பில்லை. தன் கேம்ப்பின் பின்பக்கத்துக்கு அந்த மனிதர் ஒரு நாள்கூடப் போனதில்லை, அதனால் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. "வெள்ளைக்காரனே இப்படின்னா பாத்துக்கங்க" என்று வேறு சொன்னார். இவர் சிலிர்த்துப்போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அந்த இரண்டு பேரையும் பார்க்க உடம்பு கூசியது. பாயசத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதைச் சிங்க்கில் கொட்டினேன். இரண்டாம் தடவை கேட்டால் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே கொட்டினேன்.

அத்தியாயம் முடிவதற்குள் மேனேஜர் சோபாவிலேயே சற்றுக் கண்ணயர்ந்தார். இவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். பிக்கப்காரர் இலையை எடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சார்" என்றார் மெதுவாக. "நீங்க படிச்சது நம்ம டேங்குதானே?"

இவர் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோளில் கை வைத்தார். "ஆமாப்பா. உங்களை நான் மறக்கலை. புத்தகத்தில வருது. ஊரை மட்டும் மாத்தியிருக்கேன். ஜெர்மனியில நடந்த மாதிரி."

"பேப்பர்ல வராதுங்களா?"

"பேப்பர்ல முடியாதுப்பா. இது பல வருஷம் நிக்கும். எங்கெங்கேயோ படிப்பாங்க."

பிக்கப்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரோ தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்.

"அந்த ஊர்ல பேப்பர்ல போட்டாங்கள்ல சார், அதுக்குப் பெறகு தண்ணிய மாத்துனாங்களா?"

அத்தியாயத்தின் முடிவு எனக்குத் தெரியும், நான் அடித்ததுதானே. கட்டுரை வந்த மறுவாரமே கம்பெனி பயந்துபோய்ப் புதுத் தொட்டி கட்டுகிறது. மஞ்சள் கண் இளைஞன் எழுந்து வேலைக்குப் போகிறான்.

"மாத்தினாங்க" என்றார் இவர். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரே வாரத்தில மாத்தினாங்க."

"அந்தப் பையன்?"

"பிழைச்சுக்கிட்டான்."

பிக்கப்காரர் தலையை ஆட்டினார். "கொடுத்து வச்சவங்க சார் அவங்க" என்றார். அந்தக் குரலில் துளிக் கிண்டல் இல்லை. பிறகு, மேனேஜர் எழுந்துவிட்டாரா என்று பார்க்க ஹாலுக்குப் போனார்.